திருநெல்வேலி சிந்துபூந்துறை வீட்டுத் தரை பற்றி மகனுக்கு

அன்புள்ள மகனுக்கு,

அம்மாவின் அநேக ஆசீர்வாதம். இங்கு நானும் அப்பாவும் நலம். அப்பாவுக்கு முழங்கால் வலி முன்பைவிடத் தேவலை. மருமகளும் பேத்தியும் நலமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன்.

புதன்கிழமை போனில் நீ சொன்னதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். வீட்டை விற்பதற்கு முன்னால் கூடமான பட்டாசாலை, முன்பக்கத் தார்சா, அறைகள் எல்லாவற்றுக்கும் டைல்ஸ் ஒட்டிவிடலாம், பணம் அனுப்புகிறேன், பார்க்க வருகிறவர்களுக்குப் பளிச்சென்று இருக்கும் என்றாய். அப்போது மறுத்துப் பேச எனக்கு வாய் வரவில்லை. எழுதினால்தான் கோவையாகச் சொல்ல முடிகிறது. டைல்ஸ் வேண்டாம் ஐயா.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். கொத்தனாரைக் கூப்பிட்டு அளக்கச் சொன்னேன். மொத்தம் 900 சதுர அடி. இரண்டுக்கு இரண்டு விட்ரிஃபைட் டைல்ஸ், சிமெண்ட், மணல், கூலி எல்லாம் சேர்த்துச் சதுர அடிக்கு 130 ரூபாய் ஆகும் என்கிறார். 1,17,000 ரூபாய் வருகிறது. அதோடு நிற்காது. இருக்கிற தரையைக் கொத்திவிட்டு மேலே கலவை போட்டு ஒட்டினால் தரை ஒன்றரை அங்குலமாவது உயரும். ஐந்து கதவுகளின் அடியையும் இழைக்க வேண்டும், ஐந்தும் தேக்கு. பாத்திரம் கழுவும் அங்கணத்துக்குத் தண்ணீர் இறங்கும் வாட்டமும் கெட்டுப்போகும்.

போட்ட பணம் விலையில் திரும்பி வருமா என்றால், வராது. பெங்களூரில் நீ அடுக்குமாடி வீடுகளைப் பார்த்துப் பழகியவன். அங்கே உள்ளே நுழைந்ததும் தரையைத்தான் பார்ப்பார்கள். நம் தெருவில் சென்ட் கணக்கில்தான் பேச்சு. இதுவரை நாலு பேர் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஐந்தரை சென்ட்டும் பட்டாவில் இருக்கிறதா, தெரு எத்தனை அடி அகலம், கோடையில் கிணற்றில் தண்ணீர் நிற்குமா, வில்லங்கச் சான்றிதழ் எந்த வருடத்திலிருந்து போட்டு வைத்திருக்கிறீர்கள் என்றுதான் கேட்டார்கள். அவர்களில் ஒருவர் வீட்டை இடித்துவிட்டு மாடியோடு கட்டப் போகிறவர். வாங்குகிறவருக்கு முத்திரைத்தீர்வை, பதிவுக் கட்டணம் என்று 9 சதவீதம் தனியாகப் போகிறது. அந்த நெருக்கடியில் நமக்குப் பிடித்த நிறத்து டைல்ஸுக்கு எவர் கூடுதலாகத் தருவார்? வாடகைக்கு விடுவதாக இருந்தால் நானே ஒட்டச் சொல்லியிருப்பேன்.

பணம் ஒரு பக்கம் இருக்கட்டும். “வெள்ளம் வந்த தடமும் மறைந்துவிடும் அம்மா” என்று நீ சொன்னாயே, அதுதான் எனக்கு மனம் ஒப்பவில்லை. தப்பான எண்ணத்தில் சொல்லவில்லை என்று தெரியும். ஆனாலும் 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நீ இங்கே இல்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டிய நாட்கள் அவை. தாமிரபரணி கரைமீறி நம் தெருவுக்குள் வந்தது. பட்டாசாலையில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர். நானும் அப்பாவும் இரண்டு ராத்திரி மச்சில் உட்கார்ந்திருந்தோம். வடிந்த பிறகு இறங்கிப் பார்த்தால் தரையே தெரியவில்லை. நாலு விரல் கனத்துக்கு வண்டல். தென்னை மட்டையால் வழித்து வழித்து வெளியே தள்ளினோம். கிணற்றுத் தண்ணீர் கலங்கிக் கிடந்ததால் லாரித் தண்ணீர் வரும்வரை காத்திருந்து கழுவிவிட்டோம். அப்போது அந்தச் சேற்றுக்கு அடியிலிருந்து நம் சிவப்புத் தரை, கறுப்புக் கரையோடு, ஒரு கீறல் இல்லாமல் எழுந்து வந்தது. நான் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

அந்தத் தரை போட்டது 1986இல். நீ அப்போது கைக்குழந்தை. மேலப்பாளையத்திலிருந்து வந்த கொத்தனார் சிமெண்டில் காவிப்பொடி கலந்து பூசிவிட்டு, அது இறுகுவதற்குள் தேய்த்தாக வேண்டும் என்று ராத்திரி முழுக்கப் பலகை மேல் குந்தியிருந்து, குண்டு பல்பு வெளிச்சத்தில் இரும்புக் கரண்டியால் இழுத்துக்கொண்டே இருந்தார். உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு நான் தார்சாவில் நின்று பார்த்தேன். விளக்கு அதில் தெரியும்வரை அவர் கையை எடுக்கவில்லை. பத்து நாள் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தி, அதன் பிறகு தேங்காய் எண்ணெயைத் துணியில் தொட்டுத் தேய்த்தோம். இப்போது அந்த வேலைக்கு ஆள் கிடைப்பது அரிது. அதைக் கொத்தி மூடச் சொல்ல என்னால் முடியாது.

பின்னறைத் தரை மட்டும் கெட்டிருக்கிறது. ஐந்து ரூபாய் நாணயத்தை வைத்துக்கொண்டு வீடு முழுக்கத் தட்டிப் பார்த்தேன். பட்டாசாலையில் எங்கே தட்டினாலும் கெட்டியாகக் கேட்கிறது. பின்னறை ஜன்னலோரத்தில் ஒரு பாய் அகலத்துக்குப் பொத்துப் பொத்தென்று சத்தம் வருகிறது. வெள்ளத்தில் அடிமண் இறங்கிவிட்டது என்கிறார் கொத்தனார். சுவர் ஓரத்தில் உப்பும் பூத்திருக்கிறது. அதன்மேல் டைல்ஸ் ஒட்டினால் ஒரு வருடம் நிற்கும், விற்கும்வரை நிற்கும். அதற்குப் பிறகு? நம் தெருவிலேயே ஒரு வீட்டில் அப்படி ஒட்டி விற்றார்கள். இரண்டாவது மழைக்காலத்தில் டைல்ஸ் கூடாரம் போல எழும்பிவிட்டது. வாங்கியவர் ஒரு பள்ளிக்கூட ஆசிரியர், வீட்டுக்கடன் போட்டு வாங்கியவர். உடைந்த டைல்ஸ் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு தெருவில் நின்று என்னிடம், “டீச்சர், உங்களுக்காவது தெரியுமா?” என்று கேட்டார். தெரிந்திருந்தும் அன்று வாயை மூடிக்கொண்டிருந்தவள் நான். நம் வீட்டை வாங்குகிறவர் அப்படி வந்து நிற்கக் கூடாது.

அதனால் பின்னறையை மட்டும் பெயர்த்துவிடப் போகிறோம். மணல் நிரப்பித் தண்ணீர் விட்டுத் திமிசுக்கட்டையால் இறுக்கி, செங்கல் ஜல்லி போட்டு, மேலே சாதாரண சிமெண்ட் தரை. 18,000 ரூபாய் பேசியிருக்கிறது. அங்கணத்துக் குழாயில் கசிவு இருக்கிறது, அதையும் மாற்றச் சொல்லிவிட்டேன். சுவருக்குச் சுண்ணாம்புதான் அடிக்கப் போகிறேன். பெயின்ட் அடித்தால் உள்ளே இருக்கிற ஈரம் வெளியே வராமல் பொருக்குத் தட்டும். தண்ணீர் எதுவரை வந்தது என்று அப்பா பட்டாசாலை நிலையில் பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறார். அதை அழிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வருகிறவர்களுக்கு நானே காட்டுவேன். விலையைக் குறைத்துக் கேட்டால் கொஞ்சம் குறைத்துக் கொடுப்போம்.

உன் பணத்தை அங்கேயே வைத்துக்கொள். பேத்தியின் பள்ளிக் கட்டணத்துக்கு ஆகும். பின்னறைச் செலவுக்கு அப்பாவின் ஓய்வூதியம் போதும். வெள்ளிக்கிழமை நல்ல நாள், அன்றைக்கே வேலையைத் தொடங்கச் சொல்லியிருக்கிறேன். உனக்கு இதில் வருத்தம் இருந்தால் அதற்கு முன்னால் போன் செய்.

ஒன்று மட்டும் மறக்காமல் செய். போன முறை வந்தபோது மூலப்பத்திரத்தின் நகலை உன் பெட்டியில் எடுத்துப் போனாய். அதைத் தபாலில் அனுப்பிவை. கடைசியாக வந்தவர் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

அன்புடன்,
அம்மா