உன்னுடைய முறை, மகன்

திருகோணமலை
2025 தை 18

அன்புள்ள மகனுக்கு,

நாங்கள் சுகம். அம்மாவுக்குக் கால் வீக்கம் வற்றிவிட்டது. மழை இன்னும் விட்டபாடில்லை. டச்பே கடல் இரைகிறது இரவில் வீடுவரை கேட்கிறது. மாமா வீட்டு விஷயம் நீ சொன்னபடியே முடிந்தது, அதைப் பிறகு எழுதுகிறேன்.

பொங்கலுக்கு நீ எடுக்கவில்லை. வேலையாக இருந்திருப்பாய். அம்மா போனை அடுப்படியில் வைத்துக்கொண்டே பொங்கினார். சரி, அதை விடு. போனில் சொன்னால் "ஓம் அப்பா, சரி அப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

அடுத்த வீட்டுப் பெடியன் இப்போது பின்னேரமானால் எங்கள் விறாந்தையில்தான். பத்து வயது. தலை உடைந்த குதிரையோடு அந்தச் செஸ் பெட்டி இன்னும் இருக்கிறது, அதில்தான் பழக்குகிறேன். கேள்விக்கு மேல் கேள்வி. ராஜாவைவிட ராணிக்கு ஏன் இவ்வளவு பலம் என்றான். முதலில் அது ராணியே இல்லை, மந்திரி, குறுக்கே ஒரே ஒரு கட்டம்தான் போகும், ஐரோப்பாவில் 15ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் இந்தப் பலம் வந்தது என்று சொன்னேன். நம்பவில்லை. எதிரியின் சிப்பாய் இரண்டு கட்டம் பாய்ந்து நம் சிப்பாய்க்குப் பக்கத்தில் வந்து நின்றால், அது ஒரு கட்டம் மட்டும் வந்ததாக வைத்து வெட்டலாம் என்றதும் களவு விளையாட்டு என்று அழுகை. உடனே வெட்டவேண்டும், ஒரு முறை விட்டால் பிறகு அந்த உரிமை இல்லை என்றேன். அதற்கும் அழுகை.

ராஜாவையும் கோட்டையையும் ஒரே நகர்த்தலில் மாற்றிவைக்கிற கோட்டை கட்டுவதைச் சொல்லிக்கொடுக்கும்போது உன் நினைவு. ராஜா செக்கில் இருக்கும்போது கட்டக்கூடாது, அடிவிழுகிற கட்டத்தைத் தாண்டக்கூடாது, அதில் போய் நிற்கவும் கூடாது. இவ்வளவுதான் எனக்குத் தெரிந்திருந்தது. ராணிப் பக்கம் நீ கட்டினபோது, கோட்டை தாண்டுகிற கட்டத்தில் என் பிஷப்பின் அடி இருக்கிறதே, பிழை என்று நான் கையைப் பிடித்தேன். "ராஜாவுக்குத்தான் அப்பா அந்தச் சட்டம், கோட்டைக்கு இல்லை" என்றாய். பதினொரு வயது உனக்கு. நூல்நிலையத்தில் போய்ப் பார்த்தேன், நீ சொன்னதுதான் சரி. அன்றைக்கு எத்தனை பேரிடம் சொல்லித் திரிந்தேன் என்று உனக்குத் தெரியாது.

இப்போது போனில் நீ என்னோடு விளையாடுகிற விதம் எனக்கு விளங்கவில்லை. ஐப்பசியில் ஒரு ஆட்டம்: உன்னிடம் ஒரு குதிரை கூடுதல், என் ராஜா வெளியில் நிற்கிறான், நீ தோல்வியை ஒப்புக்கொண்டு போய்விட்டாய். அடுத்ததில் ராணியைச் சும்மா தந்தாய். கடைசி ஆட்டத்தில் ஒரு நகர்த்தலுக்கு உள்ள மூன்று நாள் நேரமும் ஓடி முடிந்து, நான் வென்றதாகப் போன் சொல்கிறது. அப்படி ஒரு வெற்றியை வைத்து நான் என்ன செய்ய? அதற்கு முன்னால் உன் நகர்த்தல்கள் எல்லாம் இங்கே மத்தியானம் ஒரு மணிக்கு வந்தன. கணக்குப் பார்த்தேன், ரொறன்ரோவில் விடியப்புறம் இரண்டரை. அந்த நேரம் மனிதன் நித்திரை கொள்ளவேண்டும், மகன். மருமகளிடம் கேட்டால், "அவர் படுத்திருக்கிறார் மாமா" என்கிறார். இரவில் முழிப்பு, பகலில் படுக்கை. நேரத்துக்குச் சாப்பிடு. நேரத்துக்குப் படு. வேலையைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை.

போன மாதம் சிங்கப்பூரில் நடந்த போட்டியைப் பார்த்தாயா? ஊர் முழுக்கக் குகேஷ் பேச்சுத்தான். 18 வயதில் உலகச் சம்பியன், சென்னைப் பிள்ளை, எனக்கும் பெருமைதான். அவன் முதல் ஆட்டத்திலேயே தோற்றவன், அதையும் பார். ஆனால் எனக்கு நித்திரையில்லாமல் செய்தது அவனிடம் பட்டத்தை இழந்த சீனத்து டிங் லிரன். 2023இல் பட்டத்தை வென்ற பிறகு மனம் சோர்ந்து, மாதக்கணக்காகப் போட்டிப் பக்கமே வராமல் இருந்த மனிதன். அதை ஒளிக்காமல் வெளியே சொன்னான். வந்தால் மோசமாகத் தோற்பான் என்றார்கள். அவனோ வந்து, முதல் ஆட்டத்தை வென்று, 12ஆவதையும் வென்று, 14ஆவது ஆட்டம் வரைக்கும் சமமாக நின்றான். கடைசியில் 55ஆவது நகர்த்தலில் கோட்டையைப் பிழையான கட்டத்தில் வைத்தான், அவ்வளவுதான். எனக்கு அவன் தோற்றது பெரிதாகப் படவில்லை. தனக்கு முடியவில்லை என்று அந்த மனிதன் நாலு பேருக்குத் தெரியச் சொன்னானே, அதுதான் பெரிதாகப் படுகிறது. அப்படிச் சொல்கிறதில் ஒரு வெட்கமும் இல்லை, மகன். உலகச் சம்பியனே சொல்கிறான்.

நேற்றுப் பெடியன் ஸ்டேல்மேட் என்றால் என்ன என்று கேட்டான். செக் இல்லை, ஆனால் ராஜாவுக்குப் போக இடமும் இல்லை, நகர்த்த வேறு காயும் இல்லை, அப்போது சமம் என்றேன். "இவ்வளவு காய் வைத்திருந்தும் வெற்றி இல்லையா?" என்றான். இங்கிலாந்தில் ஒரு காலம் அப்படி முடக்கினவனுக்குத்தான் தோல்வி என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்ல முடியவில்லை. எழுந்து கிணற்றடிக்குப் போய்விட்டேன்.

1998. பாடசாலைப் போட்டி, கடைசிச் சுற்று. உன்னிடம் ராணியும் கோட்டையும், அந்தப் பிள்ளையிடம் மூலையில் ஒரு தனி ராஜா. அவசரப்பட்டாய், ஸ்டேல்மேட். அரைப் புள்ளியால் கிண்ணம் போனது. பதின்மூன்று வயதுப் பிள்ளை, சைக்கிள் கரியரில் என் சேட்டைப் பிடித்துக்கொண்டு இருந்தாய். உள்துறைமுக வீதி முழுக்க ஒரு சொல் நான் கதைக்கவில்லை. வீட்டுக்கு வந்தும் கதைக்கவில்லை. மூன்று நாள். நீ முன்னால் இருக்க, "அவனைச் சாப்பிடச் சொல்லு" என்று அம்மாவிடம் சொன்னேன். நீ ஒவ்வொரு இரவும் காய்களை அடுக்கி வைத்துவிட்டு என் கதிரைக்குப் பக்கத்தில் வந்து நின்றாய். நான் பத்திரிகையைத் தூக்கிப் பிடித்தேன். அடித்திருந்தால்கூட மறந்திருப்பாய் என்று அம்மா இன்றைக்கும் சொல்வார்.

நான் செய்தது பிழை. இருபத்தாறு வருடம் கழித்து எழுதுகிறேன். தோற்று வருகிறவனோடு இந்த வீட்டில் கதைக்கமாட்டார்கள் என்று அன்றைக்கு நீ படித்திருப்பாய். நான்தான் படிப்பித்தேன். உனக்கு அங்கே என்ன நடந்திருந்தாலும், எதை இழந்திருந்தாலும், என்னிடம் சொல்லலாம். நான் பத்திரிகையைத் தூக்கமாட்டேன்.

செக்மேட் என்ற சொல் பாரசீகத்து 'ஷா மாத்'தில் இருந்து வந்தது. ராஜா செத்தான் என்று அதற்குப் பொருள் சொல்வார்கள், அது பிழை. ராஜா வழி தெரியாமல் நிற்கிறான், அவ்வளவுதான். இதைப் பெடியனுக்கும் சொன்னேன்.

மிளகாய்த்தூளும் கருவாடும் பெரியத்தையின் மகள் வரும்போது கொடுத்துவிடுகிறேன். குளிருக்குக் காதை மூடு. நேரத்துக்குச் சாப்பிடு.

புது ஆட்டம் ஒன்று அனுப்பியிருக்கிறேன். இந்த முறை ஒரு நகர்த்தலுக்குப் பதினான்கு நாள் வைத்திருக்கிறேன். உனக்கு வெள்ளை. விளையாட மனமில்லாவிட்டால் விடு. ஆனால் இரண்டரை மணிக்கு முழிப்பு வந்தால் போனை எடு. இங்கே மத்தியானம், அம்மா சாப்பிட்டுப் படுத்திருப்பார், நான் விறாந்தையில் தனியத்தான் இருப்பேன்.

அன்புடன்,
அப்பா