மகள் முகாமுக்குப் போகிறாள்

கோண்டாவில்,
வியாழக்கிழமை இரவு

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் திங்கட்கிழமை கிடைத்தது. கிளிநொச்சியில் இருந்து இங்கு வந்து சேர அதற்கு நான்கு நாள் எடுத்திருக்கிறது. நீயே பஸ் ஏறியிருந்தால் இரண்டு மணித்தியாலத்தில் வந்து தேநீரும் குடித்திருப்பாய். ஆனாலும் நீ தொலைபேசியில் சொல்லாமல் எழுதியது நல்லது. தொலைபேசியை எடுத்தால் நாம் இருவரும் தேங்காய் விலையைத் தாண்டிப் போவதில்லை.

மகனுக்குக் கணிதத்தில் சி என்று குறைப்பட்டு எழுதியிருக்கிறாய். நமக்கு என்ன வந்தது என்பதை அவனுக்குச் சொல்லிவிடாதே. தொழில்நுட்பப் பிரிவுக்கு ஆசைப்படுகிறான் என்றால் விடு, போகட்டும்.

இனி நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். ஆம், நாளைக் காலை மகள் போகிறாள். நம் கிறிஸ்தவக் கோவில் பிள்ளைகளுக்கான சிறுவர் முகாம், மூன்று இரவு நான்கு பகல். சென்ற ஆண்டே கேட்டாள். புலமைப்பரிசில் பரீட்சையைக் காட்டி மறித்துவிட்டோம். பரீட்சை முடிந்தது, புள்ளி வந்தது, இப்போது அந்தப் புள்ளி என்னவென்று கேட்பதற்கு ஒருவரும் இல்லை. மறிக்காமல் விட்டிருக்கலாம் என்று இன்று தோன்றுகிறது.

அவளுக்கு இந்த ஒரு மாதமாக வாயில் வேறு பேச்சில்லை. ‘நான் முகாமுக்குப் போகிறேன், நான் முகாமுக்குப் போகிறேன்’ என்று பால்காரருக்கும் சொல்கிறாள். முதல்நாள் அதைக் கேட்ட மாமி அரிசி புடைத்துக்கொண்டிருந்த சுளகை மடியில் வைத்துவிட்டு, ‘எந்த முகாமுக்கு? ஏன்?’ என்று கேட்டார். முகம் வெளிறிவிட்டது. மகளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பாட்டு, விளையாட்டு, வேதாகமக் கதை, கடைசி இரவு தீமூட்டி அதைச் சுற்றி இருப்பது என்று அடுக்கிக்கொண்டே போனாள். மாமி கேட்டுவிட்டு, ‘அதற்கு வேறு பெயர் வைக்கக்கூடாதோ?’ என்றார்.

நானும் யோசித்துப் பார்த்தேன். நம் காதுக்கு அந்தச் சொல் தனியாக வந்ததே இல்லை. இராணுவ முகாம், அகதி முகாம், நலன்புரி முகாம் என்று முன்னால் ஏதாவது ஒட்டிக்கொண்டுதான் வந்தது. உன் மகன் பிறந்ததும் செட்டிகுளத்தில் அப்படி ஒன்றில்தான். நீ அதைப் பற்றி இதுவரை என்னிடம் பேசியதில்லை, நானும் கேட்டதில்லை, இப்போதும் கேட்கவில்லை. ஆனால் பிள்ளையை முகாமுக்கு அனுப்ப என்ன ஆயத்தம் செய்வது என்று நான் எழுதியபோது நீ ஒரே வரியில் பதில் போட்டிருந்தாயே, ‘பையை அவளே தூக்கக்கூடியதாக இருக்க வேண்டும்’ என்று, அதை வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் கிணற்றடியில் போய் நின்றேன்.

பைக் கதையைக் கேள். கனடாவில் இருக்கும் மச்சாள் அனுப்பிய சில்லு வைத்த சூட்கேஸை இவர் தூசு தட்டிக் கொண்டுவந்து வைத்தார். நம் செம்மண் வளவில் அது நான்கு அடி உருண்டு நின்றுவிட்டது. பிறகு பாடசாலைப் பையையே எடுத்தோம். முகாமில் தந்த பட்டியல் சிறியது: வேதாகமம், கொப்பி, விரிப்பு, துவாய், சவர்க்காரம், கோப்பையும் பேணியும், டோர்ச், மாற்றுடுப்பு. கைத்தொலைபேசி கொண்டுவரக் கூடாது என்று அடிக்கோடிட்டு எழுதியிருந்தார்கள். நான் அடுக்கினேன். அடுக்கி முடித்த பையை மகளால் தூக்க முடியவில்லை. எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் பாயில் பரப்பினாள். இரண்டு மெழுகுதிரி, தீப்பெட்டி, மூன்று பக்கற் பிஸ்கற், ஒரு போத்தல் தண்ணீருக்கு மேல் இன்னொரு போத்தல், பொலித்தீனில் சுற்றிய பிறப்புப் பத்திரப் பிரதி. ‘அம்மா, இது எதற்கு?’ என்று அந்தப் பிரதியைத் தூக்கிக் காட்டினாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கை தானாகப் போய் எடுத்து வைத்திருக்கிறது.

நினைவிருக்கிறதா, ஊரே இடம்பெயர்ந்த 1995 ஒக்டோபர் 30 இரவு? நமக்கும் அப்போது பதினொரு வயதுதான். செம்மணி வெளியில் மழை, நாவற்குழிப் பாலத்தில் ஆளை ஆள் நெரித்துக்கொண்டு அடி அடியாக நகர்ந்தது, விடியும்வரை நகர்ந்தும் ஊர் தாண்டாதது. என் பையில் கணிதப் புத்தகமும் அம்மா திணித்த ஒரு பை சீனியும் இருந்தன. சீனி நனைந்து புத்தகத்தோடு ஒட்டிவிட்டது. நீ ஒரு கூடையில் உன் கோழியைக் கொண்டுவந்தாய். எல்லாரும் உன்னை ஏசினார்கள். கைதடியில் அது முட்டை இட்டதும் ஏசிய வாய்கள் மூடிக்கொண்டன. அடுத்த ஆண்டு நாங்கள் திரும்பி வந்தோம், நீங்கள் வன்னிக்குப் போய்விட்டீர்கள்.

அதை விடு. மகள் தானே மீண்டும் அடுக்கினாள். அடுக்கியதைத் தோளில் மாட்டிக்கொண்டு வளவை மூன்று தரம் சுற்றிவரச் சொன்னேன். சுற்றினாள். உன் வரிக்கு நன்றி.

அடுத்தது கிணறு. எங்கள் வீட்டில் மோட்டர் போட்டால் தாங்கிக்குத் தண்ணீர் ஏறும், குழாயைத் திறந்தால் வரும். பிள்ளை வாளியைத் தொட்டதில்லை. அங்கே கப்பிக் கிணறு, இந்தச் சோளக மாதத்தில் தண்ணீரும் அடியில்தான் இருக்கும். பக்கத்து வளவுக் கிணற்றில் ஒரு வாரம் பழக்கினேன். முதல்நாள் கயிற்றை விட்டுவிட்டாள், பாதாளக் கொலுக்கி போட்டு எடுத்தோம். இப்போது கிணற்றுக் கட்டில் இருந்து தள்ளி நின்று அள்ளுகிறாள். வாளி பாதி ஊற்றுண்டுதான் மேலே வருகிறது. உடுப்புக் கழுவுவது இன்னும் பாடமாகவில்லை. சவர்க்காரத்தை நீரில் ஊறவிட்டுக் கரைத்துவிடுகிறாள். நான்கு நாளுக்கு அழுக்கோடு வரட்டும்.

மாமிக்கு உண்மையான பயம் வேறு. மூன்று நாள் மனதில் வைத்திருந்துவிட்டு ஒரு மாலை என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டு, ‘அங்கே வைத்துப் பிள்ளை பெரியபிள்ளையாகிவிட்டால்?’ என்றார். பதினொரு வயது, வகுப்பில் நான்கு பேருக்கு ஆகிவிட்டது. பயத்தில் நியாயம் இருக்கிறது. நம் காலத்தில் அந்தச் செய்தி மாமிமார், தாய்மாமன், சலவைக்காரர் என்று ஊருக்கே தெரிந்தது, நமக்கு மட்டும் கடைசியில்தான் என்னவென்று விளங்கியது. நான் அழுதுகொண்டு உன்னிடம் ஓடி வந்தேன், நீயும் சேர்ந்து அழுதாய், ஏன் அழுதோம் என்று இருவருக்கும் தெரியாது. என் பிள்ளை அப்படி அழ வேண்டாம். அவளை மொட்டைமாடிக்குக் கூட்டிப்போய் ஒளிவுமறைவில்லாமல் சொன்னேன். துணிப்பை ஒன்று தைத்து அதில் நப்கின் நான்கும் மாற்று உள்ளுடுப்பும் வைத்துக் கொடுத்தேன். பிள்ளைகளைப் பார்க்கும் அக்காமாரில் ஒருவரை முன்பே அறிமுகப்படுத்தி, ஏதும் என்றால் இவரிடம் சொல் என்றேன். மகள் எல்லாம் கேட்டுவிட்டு, ‘அப்படி நடந்தால் முகாமில் இருந்து அனுப்பிவிடுவார்களா?’ என்று மட்டும் கேட்டாள். இல்லை என்றதும் இறங்கிப் போய்விட்டாள். மாமிக்கு இன்னும் சமாதானமில்லை. தண்ணீர் வார்ப்பது, சடங்கு எல்லாம் பிறகு செய்துகொள்ளலாம் என்று நான் சொன்னது அவர் காதில் ஏறவே இல்லை.

இதற்கிடையில் நல்லூர்க் கந்தசாமி கோவிலில் கொடியேறிவிட்டது. எங்கள் வீட்டில் கொடியேறினால் மச்சச் சட்டி பரணில் ஏறிவிடும், இருபத்தைந்து நாளும் மரக்கறிதான். கல்யாணம் முடித்த நாளில் இருந்து நானும் அப்படித்தான். எனக்கு அது பாரமாக இருந்ததில்லை, மாமிக்குப் பிடித்த மருமகளாக இருப்பதற்கு இது மலிவான வழி. முகாமில் மீன் கறி வைப்பார்கள். சாப்பிடலாமா என்று மகள் என்னிடம் கேட்கவில்லை, நேரே அப்பம்மாவிடம் போய்க் கேட்டாள். ‘போன இடத்தில் போடுவதைச் சாப்பிடு, கோப்பையில் மிச்சம் வைக்காதே’ என்றார் மாமி. நம் கோவிலில் சில பெரியவர்களுக்கு இவ்வளவு தெளிவு இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். நாளைக் காலை திருநீறு பூசித்தான் அனுப்புவார், அதுவும் எனக்குத் தெரியும். பஸ்ஸில் ஏறும்போது குருவானவர் பார்த்தாலும் பார்க்கட்டும். மருதனார்மடம் கிறிஸ்த சேவா ஆச்சிரமத்துக்கு நம்மைக் கூட்டிப்போன நாளில் தரையில் இருந்து பாடினோமே, வீட்டுக்கு வந்து ‘கோவில் மாதிரி இருந்தது’ என்று நீ சொன்னதற்கு உன் பாட்டி, ‘கோவில்தானே?’ என்றாரே, அது ஞாபகம் வந்தது.

ஒரு விஷயத்தில்தான் எனக்குக் கொஞ்சம் சங்கடம். முன்பு ஒரு முகாமில், எது என்று எழுத மாட்டேன், கடைசி இரவு பிள்ளைகளைக் கண்மூட வைத்து, பாவத்தைச் சொல்லி அழவைத்து, கையை உயர்த்தச் சொன்னார்கள். உயர்த்தாத பிள்ளைகளைத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். போய்வந்த பிள்ளை ஒன்று ஒரு மாதம் விளக்கணைத்துப் படுக்கவில்லை. அதனால் இம்முறை நடத்துகிறவர்களிடம் போய் நேராகவே கேட்டேன். அப்படிச் செய்வதில்லை என்றார்கள். நம்புகிறேன். ஆனாலும் மகளிடம், ‘உனக்கே மனம் வந்தால் கையை உயர்த்து. பக்கத்தில் இருப்பவள் உயர்த்துகிறாள் என்பதற்காக வேண்டாம்’ என்று சொல்லி வைத்தேன். ‘பக்கத்தில் இருப்பவள் உயர்த்தினால் எனக்குக் கண்மூடியிருக்கும்போது எப்படித் தெரியும்?’ என்று கேட்கிறாள். என்ன சொல்வது!

மனனத்துக்கு 121-ஆம் சங்கீதம் கொடுத்திருக்கிறார்கள். மலைகளை நோக்கிக் கண்ணை ஏறெடுக்கும் வரியில் நின்றுவிட்டு, இங்கே மலை எங்கே இருக்கிறது என்றாள். கீரிமலை இருக்கிறதே என்றார் இவர். அங்கே எங்கே மலை, கேணிதானே என்று அவள் விடவில்லை. சொற்களெல்லாம் பாடமாகிவிட்டன, மலைதான் இன்னும் கிடைக்கவில்லை.

இப்போது பத்தரை மணி. உறங்கிவிட்டாள். பையைக் கட்டிலின் தலைமாட்டில் வைத்திருக்கிறாள். இழுப்பு மருந்து முன்பையில் இருக்கிறதா என்று பார்ப்பதற்குத் திறந்தேன். முத்திரை ஒட்டிய கடித உறை ஒன்று இருந்தது. உன் விலாசம், அவள் கையெழுத்தில். முகாமில் இருந்து யாருக்காவது ஒரு கடிதம் எழுத வேண்டுமாம். கிளிநொச்சி அன்ரிக்கு எழுதப் போகிறாள் போலிருக்கிறது. எனக்கு இல்லை, பார்த்தாயா! கிடைத்தால் அவளுக்கு நீயே பதில் எழுது. அதில் என்ன இருந்தது என்று என்னிடம் சொல்ல வேண்டாம், கேட்க மாட்டேன். இரண்டாம் முறை கேட்டால் சொல்.

பிறப்புப் பத்திரப் பிரதி இன்னும் மேசையில்தான் இருக்கிறது.

அன்புடன்,
உன் பழைய வாங்குத் தோழி

பி.கு: தேருக்கு வருகிறாய் என்றால் முதல்நாளே வந்துவிடு, அன்று பஸ்ஸில் கால் வைக்க இடம் இருக்காது. மாமி உனக்கென்று பனங்காய்ப் பணியாரம் எடுத்து வைத்திருக்கிறார். மகள் அதிலும் கை வைத்துவிட்டாள்.