ஆட்சேபணை ஏன் வரவில்லை?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் நகராட்சியின் திடக்கழிவு மேலாண்மைத் துணைவிதிகள், அதாவது குப்பைக்கான கட்டணத்தையும் அபராதத்தையும் வகுத்து நகராட்சியே போடும் விதிகள், குறித்துத் தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் வந்த செய்தியில், பொதுமக்களிடமிருந்து ஆட்சேபணை எதுவும் பெறப்படாததால் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது என்று ஒரு வரி இருந்தது. அதிகாரிகள் தந்த தகவலைத் தாங்கள் வெளியிட்டிருக்கிறீர்கள். தங்கள்மீது எனக்கு வருத்தமில்லை. ஆனால் ஆட்சேபணை சொல்ல வேண்டிய நாங்கள் அந்த வரைவைக் கண்ணால் பார்க்கவே இல்லை என்பதும் அச்சில் வர வேண்டும்.

வரைவு நகராட்சி அலுவலகத்தின் அறிவிப்புப் பலகையில் இருந்தது உண்மைதான். அது கண்ணாடிக் கதவு போட்டுப் பூட்டிய பலகை. தாள்களையெல்லாம் ஒன்றாகச் சேர்த்துப் பின்னடித்து மாட்டியிருந்ததால் முதல் பக்கம் மட்டுமே தெரிந்தது. அதிலும் பாதியைச் சொத்து வரி பற்றிய ஒரு துண்டறிக்கை மறைத்திருந்தது. மாதக் கட்டணமும் அபராதத் தொகையும் பின்னால் உள்ள தாள்களில் இருந்தன. சாவி வைத்திருப்பவர் விடுப்பில் இருக்கிறார் என்று சொல்லி என்னை அனுப்பிவிட்டார்கள். பத்திரிகை விளம்பரமும் கொடுத்தார்களாம். ஒப்பந்தப்புள்ளி அறிவிப்புகளுக்கு நடுவே பொடி எழுத்தில் வரும் அவற்றை எத்தனை பேர் படிக்கிறார்கள் என்பது தாங்கள் அறியாததல்ல.

பேருந்து நிலையத்தருகே இட்லிக் கடை நடத்தும் ஒரு பெண்மணிக்கு, குப்பையைத் தரம் பிரிக்கவில்லை என்று 500 ரூபாய் அபராதம் விதித்தபோது நான் அங்கே இருந்தேன். எந்த விதி என்று அவர் கேட்டதற்கு, "அரசிதழில் வந்தாச்சு, தெரியாதுன்னு சொல்லக் கூடாது" என்றார் வந்த அலுவலர். மாவட்ட அரசிதழ் எங்கே கிடைக்கும் என்று அந்த அம்மாவுக்கு யார் சொல்வது? ஜெய்ப்பூர் சமஸ்தானத்தில் முறையாக வெளியிடப்படாத அபினிச் சட்டம் ஒன்றின்கீழ் ஹர்லா என்பவருக்கு விதித்த தண்டனையை உச்ச நீதிமன்றம் ரத்து செய்து, மக்கள் அறியும்படி வெளியிடாத சட்டத்தைக் கொண்டு தண்டிப்பது இயற்கை நீதிக்கு முரண் என்று 1951-லேயே தெளிவுபடுத்திவிட்டது. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன் நான்காவது பிரிவும், விதிகளை யாரும் கேட்காமலே, உள்ளூர் மொழியில், அந்த வட்டாரத்துக்கு ஏற்ற வழியில் வெளியிட வேண்டும் என்கிறது. பூட்டிய கண்ணாடிக்குள் முதல் பக்கத்தை மட்டும் காட்டுவதை வெளியீடு என்று எப்படி ஏற்பது?

இது இன்று நேற்று வந்த வழக்கமும் அல்ல. 2016 அக்டோபரில் உள்ளாட்சி மன்றங்களின் பதவிக்காலம் முடிந்து, 2022 பிப்ரவரியில் நகர்ப்புறத் தேர்தல் நடக்கும்வரை, அரசு நியமித்த தனி அலுவலர்களே தீர்மானம் போட்டார்கள். கேள்வி கேட்க ஓர் உறுப்பினர்கூட இல்லை. தேர்தல் வந்தால் நிலைமை மாறும் என்று நம்பினோம். அதே ஆண்டு சொத்து வரி உயர்ந்தபோது ஆட்சேபணை கேட்டார்கள். நானும் எழுதிக் கொடுத்தேன். ஒப்புகைச் சீட்டு கிடைத்ததே தவிர, ஏற்றார்களா தள்ளினார்களா என்று இன்றுவரை ஒரு வரிப் பதில் இல்லை. மன்றக் கூட்டத்துக்குப் போய்ப் பார்த்தால், பொருள் எண்ணை மட்டும் வேகமாக வாசித்து, "அனுமதிக்கலாம்" என்ற குரலோடு அடுத்ததற்குத் தாவுகிறார்கள். எங்கள் வார்டு உறுப்பினரே துணைவிதிகளை முழுதாகப் படிக்கவில்லை என்று என்னிடம் ஒப்புக்கொண்டார். தெருவாசிகளின் குரலைக் கேட்கத்தான் பகுதி சபைகள் வந்தன. எங்கள் பகுதி சபையில் இந்த வரைவு பேசப்படவே இல்லை.

குப்பையைத் தரம் பிரிப்பது அவசியம். அதை எதிர்த்து நான் எழுதவில்லை. எங்களைக் கட்டுப்படுத்தும் விதியை எங்களிடமே மறைத்துவிட்டு, நாங்கள் சம்மதித்ததாகக் கணக்கு எழுதுவதைத்தான் பொறுக்க முடியவில்லை.

துணைவிதிகளின் முழுத் தமிழ்ப் படியைக் கிளை நூலகத்திலும் ஒவ்வொரு ரேஷன் கடையிலும் வைக்க நகராட்சி ஆணையாளர் உத்தரவிட வேண்டும். தினமும் காலையில் தெருத்தெருவாக ஒலிபெருக்கியோடு வரும் குப்பை வண்டியிலேயே கட்டணத்தையும் அபராதத்தையும் அறிவிக்கலாம். இனி எந்த வரைவு வந்தாலும், ஆட்சேபணை தெரிவிக்கக் கடைசித் தேதியைத் தாங்கள் மாவட்டப் பக்கத்தில் இரண்டு வரிச் செய்தியாகப் போட்டு உதவுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்