அந்த ராணி ஏன் சொல்லலைன்னு கேட்டியே

கண்ணு,

நீ அனுப்பின 13 அத்தியாயமும் ரெண்டு தடவை படிச்சுட்டேன், மொதல் தடவை கதைக்காக, ரெண்டாவது தடவை அந்த ராணிக்காக. பொண்ணு கையில நெருப்பு கட்டுப்படுதுன்னா அது அவ அம்மா வழி ரத்தம்னு அரண்மனை சமையல்காரர் வரைக்கும் தெரியுது, அவளுக்கு மட்டும் 18 வருஷமா தெரியல. 14ஆவது அத்தியாயத்துல அவ வந்து ஏம்மா சொல்லலன்னு கேக்கறா, அங்கதான் பேனா நிக்குது, ராணிக்கு என்ன பதில் குடுக்கிறதுன்னே தெரியலன்னு சொன்னே. போன்லயே சொல்லியிருப்பேன், நடுவுல அழுதுடுவேன்னு தோணிச்சு, அதான் எழுதறேன்.

மொதல்ல ஒரு குறை. 3ஆவது அத்தியாயம் முழுக்க ராணியோட மனசுக்குள்ள இருந்து எழுதியிருக்கே. ராத்திரி தூக்கம் வராம என்னென்னவோ யோசிக்கிறா, இந்த ஒரு விஷயத்தை மட்டும் நினைக்கவே மாட்டேங்கறா. இத்தனை வருஷமா நெஞ்சுல கல்லு மாதிரி கெடக்கறது அந்த நேரத்துல வராம இருக்குமா? அங்க ராணி மறைக்கல, நீ மறைக்கிறே. பின்னாடி உண்மை வெளிய வரும்போது படிக்கிறவங்களுக்கு ஏமாந்துட்டோம்னுதான் இருக்கும். அந்த அத்தியாயத்தை பொண்ணு பக்கத்துல இருந்து சொல்லு, இல்லன்னா எங்களுக்கு முன்னாடியே சொல்லிடு. எங்களுக்கு தெரிஞ்சாலும் கதை கெட்டுப்போகாது. கர்ணன் கதையில என்ன இருக்கு சொல்லு, நமக்கு தெரியும், கிருஷ்ணருக்கு தெரியும், பீஷ்மருக்கு தெரியும், போருக்கு முன்னாடியே கர்ணனுக்கும் தெரிஞ்சுடுது, அஞ்சு தம்பிங்களுக்குத்தான் தெரியாது, அதனாலதான் அர்ஜுனன் வில்லை எடுக்கும்போதெல்லாம் நமக்கு பதறுது. அதுலயும் கர்ணனே கிருஷ்ணர்கிட்ட, தர்மனுக்கு சொல்லிடாதீங்க, தெரிஞ்சா ராஜ்யத்தை என்கிட்ட குடுத்துடுவான், நான் அதை துரியோதனனுக்கு குடுத்துடுவேன்னு கேட்டுக்கறான் பாரு, அந்த இடம் எனக்கு இப்பவும் புல்லரிக்கும். தர்மனுக்கு தெரிய வர்றது எல்லாரும் செத்து நீர்க்கடன் செய்யறப்போதான். பெத்த அம்மா மேலயே கோவம் வந்து, இனிமே பொம்பளைங்க மனசுல ரகசியமே தங்காம போகட்டும்னு சாபம் குடுத்துடறான்.

உன் ராணிகிட்டயும் காரணம் இருக்கு, குழந்தை பயந்துடும்னு. அந்த காரணம் மொத வருஷத்துக்கு சரி, மீதி 17 வருஷத்துக்கு? நாம சேர்ந்து படிச்ச ஹாரி பாட்டர்ல, 11 வயசுல அவன் கேக்கறான், அந்த வில்லன் வோல்டமார்ட் ஏன் என்னை கொல்ல வந்தான்னு. ஹெட்மாஸ்டர் டம்பிள்டோர் இப்ப வேணாம்னுட்டார். அடுத்த வருஷமும் சின்ன பையன்னு தோணிச்சு, அதுக்கடுத்த வருஷமும் அப்படித்தான். 2003ல வந்த அஞ்சாவது புக் முடியறப்போ, ஹாரியோட காட்ஃபாதர் சிரியஸ் செத்த அப்புறம்தான் உக்கார வெச்சு எல்லாத்தையும் சொல்றார், உன் மேல பாசம் அதிகமாயிடுச்சு, அதான் தப்புன்னு ஒத்துக்கறார். அந்த வருஷம் முழுக்க அவர் ஹாரி முகத்தையே பாக்க மாட்டார், ஞாபகம் இருக்கா? அதுக்கு கதையில வேற காரணம் இருக்கு. ஆனா அதை படிச்சப்போ எனக்கு என்னையே பாத்த மாதிரி இருந்துச்சு.

உன் பப்ளிக் எக்ஸாம் நடுவுல தாத்தா போனாரே, அதை உனக்கு ஒன்பது நாள் கழிச்சுதான் சொன்னோம். நீ எங்களை மன்னிச்சுட்டே, ஆனா அந்த ஒன்பது நாள் எப்படி போச்சுன்னு உனக்கு தெரியாது. மறைக்கிறதுன்னா ஒரு தடவை வாயை மூடிக்கிட்டா போதும்னு நினைச்சேன். இல்ல கண்ணு, தினமும் புதுசா ஒரு பொய் தேவைப்பட்டுச்சு. ஒவ்வொரு பரீட்சை முடிஞ்சதும் தாத்தாகிட்ட போன் போடச் சொல்லுவே, மொத நாள் தூங்கறார்னேன், மறுநாள் தொண்டை கட்டியிருக்குன்னேன், மூணாவது நாள் என் போனையே ஆஃப் பண்ணி அரிசி டப்பாவுக்குள்ள வெச்சேன். பக்கத்து வீட்டு அக்கா துக்கம் விசாரிக்க வந்தவங்களை மாடிப்படியிலேயே நிறுத்தி கையெடுத்து கும்பிட்டு திருப்பி அனுப்பினேன். என் அப்பாவுக்கு நான் குளிக்கும்போது மட்டும்தான் அழுதேன், பக்கெட்டுல தண்ணி சத்தமா விழற மாதிரி குழாயை திறந்து விட்டுட்டு.

இதுதான் உன் கதையில இல்ல. ராணி 18 வருஷம் மறைச்சான்னு ஒரே வரியில எழுதிட்டே, அவ பட்ட பாடு ஒரு பக்கம் கூட இல்ல. குளிர்காலத்துல குழந்தை ரூம்ல மட்டும் அடுப்பு மூட்ட விடாம என்ன சாக்கு சொன்னா? சமையல்காரர் வாயை எப்படி அடைச்சா? பாட்டி ஒரு நாள் வாய் தவறினப்போ எப்படி பேச்சை மாத்தினா? அதை எல்லாம் முன்னாடி அங்கங்க வெச்சுட்டு வா, அப்புறம் 14ல ராணி பெருசா எதுவும் பேசவே வேண்டாம்.

பொண்ணோட கோவத்தையும் கொறைக்காதே. நீ அன்னிக்கு தாத்தா போயிட்டாரான்னு அழுததை விட, எல்லாருக்கும் தெரியுமா, எனக்கு மட்டும்தான் தெரியாதான்னு திரும்ப திரும்ப கேட்டதுதான் எனக்கு இன்னும் காதுல இருக்கு. அவளும் அதைத்தான் கேப்பா.

இன்னொண்ணு இருக்கு, இதை உன்கிட்ட சொன்னதே இல்ல. கணக்கு பரீட்சை அன்னிக்கு கேள்வித்தாள்ல ஒரு கணக்கை வட்டம் போட்டு, தாத்தா சொல்லிக் குடுத்தது அப்படியே வந்துச்சு, அவர்கிட்ட காட்டும்மான்னு பென்சில்ல எழுதி என் கையில குடுத்தே. சரி காட்டறேன்னு வாங்கிக்கிட்டேன். அது தொலைஞ்சு போச்சுன்னு சொன்னேன்ல, தொலையல. பீரோவுல என் புடவைக்கு அடியில இருக்கு. அடுத்த தடவை வரும்போது எடுத்து தரேன்.

அம்மா