அவளைப் பார்க்க ஒருத்தி

கோவில்பட்டி
ஞாயிறு மாலை

அன்புள்ள விஜயா,

நீ அனுப்பின குரல்பதிவை மூன்று தடவை கேட்டேன். போனில் பேசினால் நீ பாதி, நான் பாதி என்று விஷயம் சிதறிப் போகும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சுகம். இவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் வந்திருக்கிறது, விடிகாலையில் எழுந்து நடக்கிறார். பேத்திக்கு அடுத்த மாதம் ஒரு வயது முடிகிறது. குலதெய்வக் கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்துகிறோம். அந்த நேரம் நீ பெங்களூரில் மகளோடு இருப்பாய், வர முடியாது என்று தெரியும். அதற்காக வருத்தப்படாதே.

நீ கேட்டதற்கு வருகிறேன். "மகளுக்கு நஞ்சுக்கொடி கீழே இருக்குன்னு சொல்லிட்டாங்க. சிசேரியன்தான் ஆகும் போல. ஆபரேஷன்னு ஆனப்புறம் டூலா எதுக்குடி?" என்று கேட்டாய். என் மகள் மலர், பிரசவத்தின்போது கூடவே துணைக்கு இருக்கிற டூலா ஒருத்தியை வைக்கப் போகிறேன் என்று சொன்னபோது நானும் இதையேதான் கேட்டேன். கூடவே, "நான் எதுக்கு இருக்கேன்?" என்றும் கேட்டேன். தலைப்பிரசவம் பெற்றவள் வீட்டில் என்பது போய், டாக்டர் சென்னையில் இருக்கிறார் என்று நான் அங்கே போய் இறங்கியிருந்தேன். போன இடத்தில் என் வேலையைச் செய்யக் காசு கொடுத்து வேறொருத்தியா என்று மனசு சுருங்கிவிட்டது. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

முதலில் ஒன்று. உன் மகளுக்கு ஆபரேஷன் என்று இன்னும் முடிவாகவில்லை. 20 வாரத்தில் நஞ்சு கீழே இருப்பதாகச் சொல்லப்பட்டவர்களில் பத்தில் ஒன்பது பேருக்குக் கர்ப்பப்பை வளர வளர அது மேலே ஏறிவிடும். 32 வாரத்தில் மறுபடி ஸ்கேன் பார்ப்பார்கள், அப்போதும் கீழே இருந்தால் 36-ல் ஒரு தரம். கர்ப்பப்பை வாயிலிருந்து நஞ்சின் விளிம்பு இரண்டு சென்டிமீட்டருக்குள் இருந்தால் ஆபரேஷன் பக்கம் போவார்கள். வாயையே மூடியிருந்தால் ஆபரேஷன்தான், அதுவும் 36, 37 வாரத்திலேயே. நடுவில் ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் யாருக்கும் போன் போட்டு யோசனை கேட்டுக்கொண்டிருக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல். டூலா இருந்தாலும் அதில் மாற்றமில்லை. அவள் டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை, நம் ஊர் மருத்துவச்சியும் இல்லை. ஊசி போடமாட்டாள், கர்ப்பப்பை வாய் திறந்திருக்கிறதா என்று பார்க்கமாட்டாள். நம் வீடுகளில் பெரியம்மாவோ அத்தையோ இடுப்பைப் பிடித்துவிட்டுக்கொண்டு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருப்பார்களே, அந்த இடம்தான் அவளுடையது. கூடுதலாக ஆஸ்பத்திரி நடைமுறை தெரிந்திருக்கும்.

மலருக்கு நஞ்சு பிரச்சினை இல்லை, குழந்தையின் தலை திரும்பவில்லை. 32 வாரத்தில் "இன்னும் நாள் இருக்கு" என்றார்கள். 36-லும் உட்கார்ந்தபடியேதான் இருந்தது. 37-ல் டாக்டர் வயிற்றின் மேலே கையை வைத்துத் திருப்பிப் பார்த்தார். ஏறக்குறைய பாதிப் பேருக்குத் திரும்புமாம், இவளுக்குத் திரும்பவில்லை. ஆக, உன் மகளைப் போலவே ஆகுமா ஆகாதா என்று தெரியாத ஆறு வாரம் அவளுக்கும் இருந்தது. அந்த ஆறு வாரம் எங்கள் வீட்டில் நடந்ததைத்தான் முக்கியமாக உனக்குச் சொல்ல நினைக்கிறேன்.

டூலாவாக முதலில் பார்த்த பெண் சரிப்படவில்லை. நன்றாகத்தான் பேசினாள். "நான் கூட இருந்தா சிசேரியன் ஆக விடமாட்டேன்" என்றாள். மாப்பிள்ளைக்கு அது பிடித்துப் போனது. மலர் வெளியே வந்ததும், "அம்மா, ஆயிடுச்சுன்னா இவங்க முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்?" என்றாள். அந்தக் கேள்வியோடு அந்தப் பெண்ணை விட்டுவிட்டோம். ஆபரேஷனைத் தோல்வி என்று நினைக்கிறவள் உன் மகள் பக்கத்திலேயே வரக் கூடாது. தமிழ்நாட்டில் 100 பிரசவத்தில் 45 ஆபரேஷன், தனியார் ஆஸ்பத்திரியில் 64 என்று 2019-21 தேசிய குடும்பநல ஆய்வு சொல்கிறது. இதில் எத்தனை தேவையில்லாதது என்று கேட்க வேண்டியதுதான், நானும் கேட்கிறேன். ஆனால் அந்தக் கேள்வியை மேஜையில் படுத்திருக்கிறவள் தலையில் வைக்கக் கூடாது.

இரண்டாவதாக வந்த பிள்ளைக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். வந்ததும் என்னிடம்தான் முதலில் பேசினாள். "அம்மா, நீங்க மலரைப் பெத்தப்போ யாரு கூட இருந்தாங்க?" என்று கேட்டாள்.

விஜயா, 1993-ல் நடந்தது உனக்குத் தெரியும். அரசாங்க ஆஸ்பத்திரி, பிரசவ வார்டு. அம்மாவை வெளியே வேப்பமரத்தடியில் உட்கார வைத்துவிட்டார்கள். ராத்திரி ஒன்பது மணியிலிருந்து காலை ஐந்து வரை தனியாகக் கிடந்தேன். பக்கத்துக் கட்டிலில் ஒரு பெண், அவளும் தனியாக. ஒரு தடவை ஆயா வந்து நெற்றியைத் துடைத்துவிட்டுப் போனாள். முப்பது வருஷம் கழித்தும் அந்தத் துணியின் ஈரம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. 2004-ல்தான் நம் மாநிலத்து அரசு ஆஸ்பத்திரிகளில் துணைக்கு ஒரு பெண்ணை உள்ளே விடும் ஏற்பாட்டைத் தொடங்கினார்கள். இதையெல்லாம் அந்தப் பிள்ளையிடம் சொல்லிக்கொண்டே வந்தவள் அழுதுவிட்டேன்.

அவள் அப்போது குவாதமாலா நாட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் நடந்ததைச் சொன்னாள். 1980-ல் வெளியான ஆய்வு. தனியாக வலி எடுத்துக் கிடந்த பெண்களில் சிலருக்கு மட்டும் ஒரு பெண்ணைத் துணைக்கு உட்கார வைத்தார்கள். மருத்துவம் படித்தவள் இல்லை, முன்பின் தெரிந்தவளும் இல்லை. கையைப் பிடித்துக்கொண்டு, முதுகைத் தடவி, பேசிக்கொண்டிருப்பாள், அவ்வளவுதான். துணை இல்லாதவர்களுக்கு ஆஸ்பத்திரியில் சேர்ந்ததிலிருந்து குழந்தை பிறக்கச் சராசரியாக 19 மணி நேரத்துக்கு மேல் ஆனது, துணை இருந்தவர்களுக்கு 9 மணி நேரத்துக்குள். அதற்குப் பிறகு 2017-க்குள் 17 நாடுகளில் 15,000-க்கும் மேற்பட்ட பெண்களை வைத்துப் பார்த்துவிட்டார்கள். கடைசிவரை ஒருத்தி கூடவே இருந்தால் ஆபரேஷனும் குறைகிறது, பிரசவத்தைப் பற்றிய கசப்பும் குறைகிறது. இதெல்லாம் வலி எடுத்துப் பெறுகிறவர்களின் கணக்கு. "நாள் குறிச்சு ஆபரேஷன்னா என் வேலை வேற" என்று அவளே சொல்லிவிட்டாள். அதனால்தான் அவளை நம்பினேன்.

அந்த வேறு வேலை என்ன என்று ஆபரேஷனுக்கு முந்தின வாரமே தெரிந்துபோனது. சம்பந்தியம்மா ஜோசியரைப் பார்த்து நட்சத்திரம் குறித்து வந்தார்கள். அது 38 வாரத்திலேயே வந்தது. அவசரமில்லாத ஆபரேஷனை 39 வாரம் முடியுமுன் செய்தால் குழந்தைக்கு மூச்சுத் திணறல் வரும் வாய்ப்பு கூடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மலருக்கு மாமியாரை எதிர்த்துப் பேச வாய் வரவில்லை. நான் பேசினால் சம்பந்திச் சண்டையாகும். அந்தப் பிள்ளை இரண்டு பக்கமும் சேரவில்லை. மலரை உட்கார வைத்து, அவள் மனசில் இருப்பதை அவள் வாயாலேயே இரண்டு மூன்று முறை சொல்லிப் பழக வைத்தாள். மறுநாள் மலர், "அத்தை, 39 முடிஞ்சப்புறம் வர்ற நாள்ல நீங்க நல்ல நேரம் பாருங்க, அதையே வச்சுக்கலாம்" என்றாள். சம்பந்தியம்மா மறுபேச்சுப் பேசவில்லை.

இனி அந்த நாள். ஆபரேஷன் தியேட்டருக்குள் டூலாவும் வரலாம் என்று முன்பு போயிருந்தபோது சொல்லியிருந்தார்கள். அன்றைக்கு வாசலில், "புருஷன் மட்டும்தான்" என்று நிறுத்திவிட்டார்கள். யார் சொன்னது, எப்போது சொன்னது என்று காட்ட எங்களிடம் ஒரு துண்டுச் சீட்டு இல்லை. நீ இதை எழுத்தில் வாங்கிவிடு. டாக்டரிடம் கேட்டால் போதாது, மயக்க டாக்டரிடமும் தியேட்டர் பொறுப்பில் இருப்பவர்களிடமும் கேட்க வேண்டும்.

நல்லவேளை, அவள் மாப்பிள்ளையைத் தயார் செய்து வைத்திருந்தாள். அவருக்கு எழுதிக் கொடுத்திருந்தது இதுதான்: முதுகில் ஊசி போடும்போது மலர் தலையணையைக் கட்டிக்கொண்டு முதுகை வளைத்து உட்கார வேண்டும், அது முடிந்ததும்தான் உன்னைக் கூப்பிடுவார்கள், பயப்படாதே. தலைமாட்டில் உட்கார். திரைக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காதே, அவள் முகத்தைப் பார். இழுக்கிற மாதிரி, அழுத்துகிற மாதிரி இருக்கும், வலி இல்லை என்று முன்கூட்டிச் சொல். குழந்தை வந்ததும் அம்மாவின் கன்னத்தில் வைக்கச் சொல்லிக் கேள். எல்லாவற்றையும் மாப்பிள்ளை செய்தார். வெட்டினதிலிருந்து குழந்தை வெளியே வரப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லையாம். தையலுக்குத்தான் முக்கால் மணி.

இந்த இடத்தைக் கவனமாகப் படி விஜயா. குழந்தையைத் துடைத்து எடை போட எடுத்துக்கொண்டு போனார்கள். மாப்பிள்ளை குழந்தை பின்னால் போனார். போகத்தான் வேண்டும். வெளியே நர்ஸ் பேத்தியைக் கொண்டுவந்து காட்டினாள். நானும் சம்பந்தியம்மாவும் அவளையே சுற்றி நின்றோம். மூக்கு யாரைப் போல, நிறம் யாரைப் போல என்று பேசிக்கொண்டிருந்தோம். போட்டோ எடுத்தோம், உனக்கும் அனுப்பினேன், ஞாபகம் இருக்கிறதா? மலர் எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தோன்றவில்லை. நான் பெற்றவள், எனக்கே தோன்றவில்லை.

அந்தப் பிள்ளை மட்டும் எங்களோடு நிற்கவில்லை. மலரைக் கொண்டுவந்து போடும் அறை வாசலில் போய் நின்று, அங்கிருந்த சிஸ்டரிடம் தன்மையாகக் கேட்டு உள்ளே போயிருக்கிறாள். மலருக்கு உடம்பெல்லாம் தூக்கித் தூக்கிப் போட்டதாம், பல் கிட்டிக்கொண்டதாம். "இது மருந்தோட நடுக்கம், கொஞ்ச நேரத்துல அடங்கிடும்" என்று சொல்லிக் கம்பளியை இழுத்துப் போர்த்தி, இரண்டு கையாலும் அவள் கையைப் பொத்திக்கொண்டாளாம். பாப்பா எப்படியிருக்கிறாள் என்று மலர் கேட்கக் கேட்க, மாப்பிள்ளைக்குப் போன் போட்டு எடை, அழுகைச் சத்தம் எல்லாம் கேட்டுச் சொன்னாளாம். நான் உள்ளே போனபோது ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. மலர் நிம்மதியாகச் சிரித்தாள். 1993-ல் எனக்குக் கிடைக்காதது என் மகளுக்குக் கிடைத்திருந்தது. கொடுத்தது நான் இல்லை. அதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு அடைக்கிறது, ஆனால் பொறாமையால் இல்லை.

அதன் பிறகு நடந்ததெல்லாம் கைவேலை. எழும்போது மல்லாந்தபடி எழக் கூடாது, முழங்காலை மடித்து, ஒருக்களித்து, முழங்கையை ஊன்றி எழ வேண்டும். இருமல் வந்தால் தலையணையைத் தையல் மேல் அணைத்துக்கொள்ள வேண்டும். குழந்தையை வயிற்றின் மேல் போடாமல் கக்கத்தில் இடுக்கின மாதிரி பக்கவாட்டில் வைத்துப் பால் கொடுக்க வேண்டும். முதல் நாள் பாப்பா சரியாகச் சப்பவில்லை. பால் பவுடர் வாங்கலாமா என்று பேச்சு எழுந்தபோது, அந்தப் பிள்ளை மலரின் கையாலேயே சீம்பாலைச் சிறு கரண்டியில் பிழிய வைத்தாள். மஞ்சளாக, நாலைந்து சொட்டு. அதைப் பாப்பா நக்கிக் குடித்ததை நான் பார்த்தேன். எனக்குத் தெரியாத வேலை அது.

நாங்கள் 35,000 ரூபாய் கொடுத்தோம். பெங்களூரில் எப்படியோ தெரியாது, நீயே விசாரி. வலி எடுத்தால் ஒரு தொகை, நாள் குறித்தால் ஒரு தொகையா என்று முதலிலேயே பேசிவிடு. ஆபரேஷன் என்றால் மிச்ச மணி நேரத்தைப் பிறகு ஆஸ்பத்திரியிலும் வீட்டிலும் வந்து கழிப்பாளா என்று கேள். எங்களுக்கு அப்படித்தான் நாலு நாள் வந்தாள். அவளுக்குக் காய்ச்சல் வந்தால் பதிலுக்கு யார் வருவார் என்று கேள். 36 வாரத்திலிருந்தே கூப்பிட்டால் வருவாளா என்று கட்டாயம் கேள், உன் மகள் விஷயத்தில் நாள் முன்னால் வரலாம். நீ எதிரில் இருக்கும்போது அவள் உன்னைப் பார்த்துப் பேசுகிறாளா, உன் மகளைப் பார்த்துப் பேசுகிறாளா என்பதையும் கவனி.

ஸ்கேன் முடிவு வரட்டும் என்று காத்திருக்காதே. இந்த வாரமே இரண்டு பேரைப் பார்க்கச் சொல். மாப்பிள்ளைக்கு அந்தப் பிள்ளை எழுதிக் கொடுத்த தாளை மலர் பத்திரமாக வைத்திருக்கிறாள், போட்டோ எடுத்து உன் மகளுக்கு அனுப்பச் சொல்கிறேன். ஸ்கேன் முடிந்ததும் ராத்திரி எந்நேரமானாலும் கூப்பிடு. நீ பெங்களூர் போகுமுன் பூண்டு, சுக்குப்பொடி, காயப்பொடி மூன்றும் இங்கிருந்து அனுப்புகிறேன். என்றைக்கு ரயில் என்று மட்டும் சொல்.

உன்,
கமலா