யோபு 38-ஆம் அதிகாரத்திலிருந்து தொடங்குங்கள், ஐயா

கனம் சபைச் சேகரத் தலைவர் ஐயா அவர்களுக்கும், சேகரக் கமிட்டி அங்கத்தினர்கள் அனைவருக்கும் ஸ்தோத்திரம்.

கன்வென்ஷன் பந்தலும் பிரித்தாயிற்று, கணக்கும் வாசித்தாயிற்று. இனியாவது காதுகொடுக்க நேரம் இருக்கும் என்று நம்பி எழுதுகிறேன். செயலாளர் அண்ணாச்சியிடம் இரண்டு முறை நேரில் சொன்னேன். "எழுதிக் குடுங்க, கமிட்டியில வைக்கேன்" என்றார். எழுதிக் கொடுத்தேன். கமிட்டியில் வைத்தாரா, சட்டைப்பையில் வைத்தாரா தெரியாது. அதனால்தான் இந்தத் தடவை எல்லோரும் வாசிக்கும்படி எழுத வேண்டியதாயிற்று. கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேட்பது ஒன்றுதான். புதன்கிழமை வேதபாடத்தைத் திருப்பிக் கொடுங்கள்.

அது ஏன் நின்றது, அந்த இடத்தில் என்ன வந்தது என்பதெல்லாம் நீங்கள் அறியாததில்லை. வேதபாடத்துக்கு மிஞ்சிப் போனால் பதினைந்து பேர் வருவோம். இப்போது நடக்கிற ஆசீர்வாத உபவாச ஜெபத்துக்குப் பின்வாசல் வரை செருப்பு கிடக்கிறது. அதை நான் குறை சொல்லவில்லை, ஜனங்களுக்கு அத்தனை பாரம் இருக்கிறது. ஆனால் கன்வென்ஷனின் மூன்றாம் நாள் ராத்திரி நடந்த ஒன்றைச் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை.

பெண்கள் பக்கம் தூணோரமாக உட்காருகிற அக்காவை உங்கள் எல்லோருக்கும் தெரியும். வீட்டுக்காரருக்கு வாரம் இரண்டு தடவை டயாலிசிஸ். ஒன்றரை வருஷம் டவுன் பஸ்ஸில் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு போய் வந்தவர். டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில், புது வருஷத்துக்கென்று ஒரு வசனம் அச்சடித்த வாக்குத்தத்த அட்டை எடுக்க வரிசை நின்றபோது, வர முடியாமல் படுத்திருந்த அவருக்கும் சேர்த்து ஒன்று எடுத்தார். "நான் சாவாமல், பிழைத்திருந்து, கர்த்தருடைய செய்கைகளை விவரிப்பேன்." சங்கீதம் 118:17. வழவழப்பான அட்டை, ரோஜாப்பூ படம், கீழே சேகரத்தின் பெயர். சுற்றி நின்றவர்கள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "இனி என்னக்கா பயம்?" என்றார்கள். சொன்னவர்களில் நானும் ஒருவன்.

ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில் அந்த வீட்டுக்காரர் போய்விட்டார். அடக்க ஆராதனையை நீங்கள்தான் நடத்தினீர்கள் ஐயா, நன்றாகவே நடத்தினீர்கள். அட்டையைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறக்கவில்லை.

இனி கன்வென்ஷன். சாட்சி சொல்ல விரும்புகிறவர்கள் முன்கூட்டியே ஒரு தாளை நிரப்பிக் கொடுக்க வேண்டும் என்பது இந்த வருஷத்து ஏற்பாடு. அதில் மூன்று கட்டம்: பெயர், பெற்றுக்கொண்ட ஆசீர்வாதம், ஸ்தோத்திரக் காணிக்கை ரூ. அக்காவும் ஒரு தாள் வாங்கினார். பேனா கொடுத்தது நான், அதனால் எழுதியதைப் பார்த்தேன். இரண்டாவது கட்டத்தில் இடம் பற்றாமல் ஓரத்தில் எல்லாம் சுற்றி எழுதியிருந்தார்: "அவரைத் தரவில்லை. ஆனால் ஆஸ்பத்திரி வராந்தாவில் விடிய விடிய இருந்தப்போ கர்த்தர் யார் என்று எனக்குத் தெரிந்தது." மூன்றாவது கட்டத்தில் 50.

மேடைப் படியோரம் நின்ற பொறுப்பாளர் தம்பி வாசித்தார். பின்பக்கம் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று திருப்பிப் பார்த்தார். பிறகு மரியாதையாகத்தான் சொன்னார்: "இது சாட்சி இல்லம்மா, ஜெபக்குறிப்பு. அந்தப் பெட்டியில போட்ருங்க."

ஐம்பது ரூபாயை வாங்கிக்கொண்டார்.

அக்கா பெட்டியில் போடவில்லை. தாளை நாலாக மடித்து பைபிளுக்குள் வைத்துக்கொண்டு தூணோரம் போய் உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கு மேடையில் ஏழு சாட்சி. ஒரு கார், ஒரு கனடா விசா, இழுத்துக்கொண்டே கிடந்த ஒரு பட்டா, இப்படி. எல்லாவற்றுக்கும் கைதட்டினோம். ஏழிலும் கர்த்தர் கடைசி வரியில் வந்தார், டெலிவரி கொண்டுவந்தவருக்கு நன்றி சொல்வதுபோல.

அந்தத் தம்பி மேல் எனக்கு வருத்தம் இல்லை. தாளில் என்ன கட்டம் அச்சடித்திருக்கிறதோ அதைத்தான் அவர் சரிபார்த்தார். கட்டம் போட்டது நாம். "ஒன்றான மெய்த்தேவனாகிய உம்மையும் நீர் அனுப்பினவராகிய இயேசுகிறிஸ்துவையும் அறிவதே நித்தியஜீவன்" என்று யோவான் 17:3-இல் ஆண்டவரே ஜெபிக்கிறார். நித்தியஜீவன் என்று அவர் எதைச் சொன்னாரோ, அதை எழுதிக் கொண்டுவந்த பெண்ணை நாம் பெட்டியைக் காட்டி அனுப்பியிருக்கிறோம். இதைக் கமிட்டியில் யாராவது யோசித்தீர்களா?

வாக்குத்தத்த அட்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். இந்த வருஷம் எங்கள் வீட்டுக்கு வந்தது எரேமியா 29:11, "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." நல்ல வசனம்தான், ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறேன். ஆனால் அதற்கு முந்தின வசனத்தை எந்த அட்டையிலும் நான் பார்த்ததில்லை. "பாபிலோனில் எழுபது வருஷம் நிறைவேறின பின்பு" என்கிறது பத்தாம் வசனம். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போன யூதர்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எழுதிய கடிதம் அது. வாசிக்கக் கேட்ட பெரியவர்களில் அநேகர் ஊர் திரும்பாமலே செத்திருப்பார்கள். அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், உங்களைக் கொண்டுபோன பட்டணத்துக்காக ஜெபம் பண்ணுங்கள் என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டது. இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பி வந்துவிடும் என்று கர்த்தரின் பெயரால் சொன்னவன் ஒருத்தன் இருந்தான், 28-ஆம் அதிகாரத்து அனனியா. கள்ளத் தீர்க்கதரிசி என்று ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். இன்றைக்கு வந்தானானால் அவன் படத்தை ஆறடிக்கு ஃபிளெக்ஸ் அடித்து கன்வென்ஷனுக்குக் கூப்பிட்டிருப்போம். எரேமியாவுக்கு மத்தியான வகுப்புகூடக் கொடுத்திருக்க மாட்டோம்.

நம் ஆராதனையில் ஆரம்பம் முதல் முடிவு வரை யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்று ஒருநாள் எண்ணிப் பாருங்கள். என் எல்லை, என் வாசல், என் எதிரி, என் உயர்வு. "வாலாக்காமல் தலையாக்குவார்" என்று உபாகமத்திலிருந்து எடுத்து வருஷம் தவறாமல் முந்நூறு குடும்பத்துக்கும் கொடுக்கிறோம். முந்நூறு பேரும் தலையென்றால் வாலுக்கு ஆளை எங்கிருந்து கொண்டுவருவது? பக்கத்துச் சேகரத்திலிருந்தா? அவர்களும் அதே அச்சகத்தில்தான் அட்டை அடிக்கிறார்கள்.

பொருள் கேட்கிறவர்கள்தான் தன்னையே பார்க்கிறவர்கள் என்றும் நினைத்துவிட வேண்டாம். பக்தியிலும் அது உண்டு. நான் எத்தனை மணிக்கு எழும்பி ஜெபிக்கிறேன், எத்தனை நாள் உபவாசம் எடுத்தேன் என்ற கணக்கு நம் ஐக்கியக் கூட்டங்களில் ஓடுகிறதே. லூக்கா 18-இல் தன் பக்தியை மெச்சிக்கொண்டு ஜெபித்த அந்தப் பரிசேயனும் வாரத்தில் இரண்டுதரம் உபவாசித்தவன்தான். அவன் "தனக்குள்ளே ஜெபம்பண்ணினான்" என்று எழுதியிருக்கிறது. வாசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த வார்த்தை இடறும்.

என்னை விட்டுவிட்டு இதைச் சொல்லவில்லை. போன மாதம் என் ஜெப நோட்டைப் பின்னாலிருந்து புரட்டினேன். மகளின் நீட் மார்க், தம்பியின் வேலை, என் முட்டுவலி, பக்கத்துமனைக்காரரோடு வேலித் தகராறு. நாலு வருஷத்து நோட்டு. கர்த்தர் எப்படிப்பட்டவர் என்று ஒரு வரியாவது எழுதியிருக்கிறேனா என்று தேடினேன். ஒன்று கிடைத்தது, ஒரு புதன்கிழமை வேதபாடத்தில் குறித்துக்கொண்டது.

சரி, வேதபாடத்துக்கு வருகிறேன்.

நாங்கள் வருஷக்கணக்காக அதிகாரம் அதிகாரமாகப் போய்க்கொண்டிருந்தோம். நீங்கள் நிறுத்தச் சொன்ன வாரத்தில் எங்கே இருந்தோம் என்று ஞாபகம் இருக்கிறதா ஐயா? யோபு 37 முடித்திருந்தோம். பிள்ளைகளையும் ஆஸ்தியையும் சுகத்தையும் இழந்த யோபுவிடம் அந்த மூன்று சிநேகிதர் செய்த வாதம், எலிகூ என்ற வாலிபனின் நீட்டுப் பேச்சு, எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டு முடித்தோம். 38-இல்தான் கர்த்தர் பெருங்காற்றிலிருந்து பேச ஆரம்பிக்கிறார். சரியாக அந்த இடத்தில் விளக்கை அணைத்து, "அடுத்த வாரம் முதல் ஆசீர்வாத ஜெபம்" என்று அறிவித்துவிட்டீர்கள்.

மற்றவர்கள் பேசியதை முப்பது வாரத்துக்கு மேல் கேட்டோம். கர்த்தர் பேச வாய் திறந்தபோது வீட்டுக்கு அனுப்பிவிட்டீர்கள்.

அந்த நாலு அதிகாரத்திலும் யோபுவின் கொப்புளத்தைப் பற்றி கர்த்தர் ஒரு வார்த்தை சொல்வதில்லை. செத்துப்போன பிள்ளைகளைப் பற்றியும் இல்லை. "நான் பூமியை அஸ்திபாரப்படுத்துகிறபோது நீ எங்கேயிருந்தாய்?" என்று தொடங்கி, வரையாடு எப்போது ஈனும், காக்கைக்குஞ்சுக்கு இரை கொடுப்பது யார், தீக்குருவி, அதாவது தீக்கோழி, ஏன் முட்டையை மண்ணில் விட்டுப்போகிறது என்று போகிறார். சாம்பலில் உட்கார்ந்து ஓட்டால் சுரண்டிக்கொண்டிருந்தவனிடம் வரையாட்டைப் பற்றி என்ன பேச்சு என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் அதைக் கேட்டுவிட்டுத்தான் யோபு, "என் காதினால் உம்மைக்குறித்துக் கேள்விப்பட்டேன், இப்பொழுதோ என் கண் உம்மைக் காண்கிறது" என்கிறான். 42:5. அந்த நேரத்தில் அவனுக்கு ஒரு ஆடுகூடத் திரும்பி வரவில்லை. கர்த்தர் பிற்பாடு கொடுத்த பதினாலாயிரம் ஆடு அதே அதிகாரத்தில் 12-ஆம் வசனத்தில்தான் வருகிறது. நம் கன்வென்ஷன் பிரசங்கியார்கள் முதல் அதிகாரத்திலிருந்து நேரே அந்த 12-ஆம் வசனத்துக்குத் தாவி, "இரட்டிப்பு! இரட்டிப்பு!" என்று நம்மையும் சொல்லச் சொல்கிறார்கள். நடுவில் கர்த்தர் பேசியது யாருக்கும் வேண்டியதில்லை.

அக்கா 42:5-க்கும் 42:12-க்கும் நடுவில் நிற்கிறார். அந்த இடத்தில் நிற்கிறவர்களுக்கு நம் சேகரத்தில் ஒரு கூட்டமும் இல்லை, ஒரு அட்டையும் இல்லை.

இது நம் ஊருக்குத் தெரியாத பக்தியா? திருநெல்வேலிச் சீமையில் டோனாவூர் இருக்கிறது. வருஷா வருஷம் வாலிபர்களை வேன் வைத்துக் கூட்டிப்போகிறோம். அங்கே பிள்ளைகளை எடுத்து வளர்த்த மிஷனெரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931-இல் குழியில் தவறி விழுந்து கால் ஒடிந்தார். அதன்பின் 1951 ஜனவரியில் மரிக்கிறவரை, ஏறக்குறைய இருபது வருஷம், பெரும்பாலும் கட்டிலோடுதான். சுகத்துக்காக ஜெபித்தவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்! எழும்பி நடக்கவில்லை, படுத்தபடியே எழுதிக்கொண்டிருந்தார். கல்லறைக்கல் வேண்டாம் என்று சொல்லிவிட்டதால், அங்கே பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு கல்தொட்டிதான் வைத்திருக்கிறார்கள். அதில் "அம்மா" என்று மட்டும் எழுதியிருக்கிறது. நம் வாலிபர்கள் அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு வருகிறார்கள். அந்த அம்மா நம் தாளை நிரப்பியிருந்தால் இரண்டாவது கட்டத்தில் என்ன எழுதியிருப்பார், தம்பி அதை எந்தப் பெட்டியில் போடச் சொல்லியிருப்பார் என்று எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வருகிறது.

கொஞ்சம் சூடாகிவிட்டேன், மன்னியுங்கள். ஃபிளெக்ஸைப் பற்றியும் அச்சகத்தைப் பற்றியும் பேச வரவில்லை. ஆசீர்வாத ஜெபத்தை நிறுத்துங்கள் என்றும் கேட்கவில்லை. அது வெள்ளிக்கிழமை நடக்கட்டும், நானும் என் முட்டுவலியோடு வருகிறேன். புதன்கிழமை சாயங்காலம் ஆறரை முதல் எட்டு வரை எங்களுக்குத் தாருங்கள். பெரிய கோயில் வேண்டாம், ஓய்வுநாள் பள்ளிக் கட்டடம் போதும். கீபோர்டு வேண்டாம், மைக் வேண்டாம். சாவியை உபதேசியார் ஐயாவிடமிருந்து நானே வாங்கி, பெருக்கி, பாய் விரித்து வைக்கிறேன். கரண்ட் செலவு கமிட்டிக்குப் பாரமென்றால் பதினைந்து பேரும் பிரித்துக் கொடுத்துவிடுகிறோம். நடத்துகிறதற்கு நீங்கள்தான் வரவேண்டும் ஐயா. உங்களுக்கு எபிரெயு தெரியும், யோபுவை நீங்கள் விளக்கியதுபோல நான் வேறெங்கும் கேட்டதில்லை. அதை விட்டுவிட்டு மேடையில் அட்டை எண்ணிக்கொண்டு நிற்கிறீர்களே என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இன்னொன்று. அடுத்த கன்வென்ஷனுக்குத் தாள் அச்சடிக்கும்போது இரண்டாவது கட்டத்தை வெறுமனே விட்டுவிடுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை அக்காவிடம் இப்படி எழுதப்போகிறேன் என்று சொல்லி உத்தரவு கேட்டேன். "என் பேரைப் போடாண்டாம் தம்பி" என்றார். பிறகு பைபிளைத் திறந்து காட்டினார். யோபு 38-இல் அந்த ரோஜாப்பூ அட்டையை அடையாளத்துக்கு வைத்திருக்கிறார். மடித்த தாளும் அங்கேயே இருக்கிறது. "இந்த புதன் உண்டுமா?" என்று கேட்டார். கமிட்டியில் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

கிறிஸ்துவுக்குள்,
ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர்களில் ஒருவன்