கோப்பி நல்லதா கெட்டதா?

ஆசிரியருக்கு,

உங்கள் வாரப் பதிப்பின் மருத்துவப் பக்கத்தை விடாமல் வாசிக்கிறவள் நான். மாசியில் கோப்பி இதயத்துக்கு நல்லது என்று போட்டீர்கள், சித்திரையில் கூடாது என்று போட்டீர்கள். இரண்டிலும் “ஆய்வில் தெரியவந்துள்ளது” என்ற அதே வரி. பக்கத்து வீட்டு அக்கா இரண்டையும் வெட்டி எடுத்துக்கொண்டு வந்து, “தங்கச்சி, இதில எதை நம்புறது?” என்று கேட்டார். 30 வருடம் தாதியாக இருந்த எனக்கே சட்டென்று பதில் வரவில்லை.

எத்தனை பேரை வைத்துச் செய்த ஆய்வு, அதே கேள்வியை வேறு யார் ஆராய்ந்தார்கள் என்று செய்தியில் ஒன்றும் இல்லையே! மருத்துவத்தில் இதற்கென்று ஒரு முறை உண்டு. முறைசார் மீளாய்வு என்பார்கள். கேள்வியை முதலிலேயே எழுதி வைத்துவிட்டு, அதைப் பற்றி நடந்த சோதனைகள் அத்தனையையும் தேடுவார்கள். எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று இரண்டு பேர் தனித்தனியே முடிவெடுத்து ஒப்பிடுவார்கள். ஒவ்வொன்றும் எவ்வளவு ஒழுங்காக நடந்தது என்று பார்த்த பிறகுதான், கூட்டக்கூடியவற்றின் எண்களைக் கூட்டுவார்கள்.

வெளிவராத ஆய்வுகளையும் தேடிப் போவதுதான் இதில் கஷ்டமான வேலை. எங்கள் திருக்கடலூர்க் கரையில் மீன் பட்ட வள்ளத்தைச் சுற்றித்தான் சனம் கூடும். வெறும் வலையோடு வந்தவர் சத்தமில்லாமல் வீட்டுக்குப் போய்விடுவார். சந்தையை மட்டும் பார்த்தால் அன்றைக்குக் கடல் முழுக்க மீன் என்றுதான் தோன்றும். டமிஃப்ளூ என்ற ஃப்ளூ காய்ச்சல் மாத்திரையை அரசாங்கங்கள் வாங்கிக் குவித்த கதையும் இதுதான். வெளியிடாத முழு அறிக்கைகளையும் கேட்டுப் போராடி வாங்கிப் படித்த, கொக்ரேன் என்ற மீளாய்வு அமைப்பின் குழு 2014இல் சொன்னது: பெரியவர்களுக்கு 7 நாளில் தணிகிற அறிகுறி 6.3 நாளில் தணிகிறது, ஆஸ்பத்திரியில் சேர்வது குறைந்ததற்குச் சான்று இல்லை.

ஆர்ச்சி கொக்ரேன் என்ற பிரித்தானிய டொக்டரின் பெயரில் 1993இல் தொடங்கிய அமைப்பு அது. அதன் சின்னத்தில் சில கிடைக்கோடுகளும் கீழே ஒரு சின்ன வைரமும் இருக்கும். அலங்காரம் என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். ஒவ்வொரு கோடும் ஒரு சோதனையாம். குறைமாதத்தில் பிரசவிக்கப்போகும் தாய்க்கு ஸ்டீரொயிட் ஊசி போட்டால் பிள்ளை தப்புமா என்பது கேள்வி. முதல் சோதனை 1972இல் நியூசிலாந்திலிருந்து வெளிவந்தது. கோடுகளைத் தனித்தனியே பார்த்தால் பலவற்றில் ஒன்றும் உறுதியில்லை. எல்லாவற்றையும் கூட்டிய விடையான வைரம் மட்டும் தெளிவாகத் தப்பும் பக்கம் நிற்கிறது. ஆனால் அப்படிக் கூட்டிப் பார்த்த மீளாய்வு 1989இல்தான் வந்தது. குறைமாதப் பிள்ளைகளைக் கையில் ஏந்தியவள் நான். இடையில் போன பிள்ளைகளை நினைத்தால் வயிறு எரிகிறது.

மீளாய்வும் வேதவாக்கு இல்லைதான். உள்ளே போட்ட சோதனைகள் கோணல் என்றால் கூட்டி வருகிற விடையும் கோணலாகத்தான் இருக்கும். அப்படியானாலும் செய்தி போடும்போது இது தனி ஆய்வா, மீளாய்வா என்று ஒரு வரி சேருங்கள். எலியில் செய்தது என்றால் அதையும் சொல்லிவிடுங்கள். “போதிய சான்று இல்லை” என்று முடிகிற மீளாய்வையும் போடுங்கள், அதுவும் செய்திதானே. கொக்ரேன் மீளாய்வுகள் சிலவற்றின் எளிய சுருக்கம் இணையத்தில் தமிழிலேயே இலவசமாகக் கிடைக்கிறது.

அக்கா இன்னும் கோப்பியை விடவில்லை. சீனியைக் குறைக்கச் சொல்லியிருக்கிறேன்.

ஓய்வுபெற்ற தாதி உத்தியோகத்தர்,
திருகோணமலை.